சதாசிவத்துக்கு வந்த இரண்டாவது டிங்கி

சதாசிவம் வேலையிலிருந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தபோது, தொழிற்சாலையில் யாருடனோ வாய்த்தகராறு என்றுதான் தனலெட்சுமி நினைத்தாள்.

அன்னாசிப்பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை அது. மலேசியாவின் பொந்தியான் பட்டணத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே அவர் சூப்பர்வைசர். வெட்டுகிற பக்கம் ஓர் ஆள் வராவிட்டால் அவரே கையுறையை மாட்டிக்கொண்டு நின்றுவிடுவார். உடம்புக்கு முடியவில்லை என்று அவர் கிளினிக்கில் எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்கி வீட்டில் படுத்ததை யாரும் பார்த்ததில்லை. "நம்ம சூப்பர்வைசருக்கு ரத்தத்துக்குப் பதிலா அன்னாசி ஜூஸ் ஓடுது" என்று அவருடைய ஆட்கள் ஒரு தீபாவளி விருந்தில் சொன்னபோது தனலெட்சுமியும் சேர்ந்து சிரித்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். அந்தப் புழுக்கத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னதும்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. நெற்றியில் கை வைத்தாள். தோசைக்கல்லைத் தொட்டது போலிருந்தது.

"கெளம்புங்க, கிளினிக் போலாம்."

"ஒண்ணுமில்ல. மழையில நனைஞ்சது. ரெண்டு பெனடோல் மாத்திர போட்டாச் சரியாயிடும்."

அவர் சொன்னால் சொன்னதுதான். அவளும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவள் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறவள். விடியற்காலையிலேயே போய் நாசி லெமாக் சோற்றைப் பொட்டலம் கட்டவேண்டும். மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டவேண்டும். வேலை முடிந்து ஓடிவந்து பார்ப்பாள். கஞ்சி அப்படியே இருக்கும். காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. அந்த வாரம்தான் அவர்கள் குடியிருப்பான தாமானில் கொசுப் புகையடிக்கும் வண்டி வந்து போயிருந்தது. கோடி வீட்டில் ஒரு பையனுக்கு டிங்கி என்கிற டெங்குக் காய்ச்சல். இவருக்கும் அதுவோ என்று அவளுக்கு இருந்தது. சொன்னால் அவர், "எல்லாக் காய்ச்சலும் டிங்கியா?" என்பார்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. "பாத்தியா?" என்று அவர் எழுந்து பல் துலக்கப் போனார். கழுவுதொட்டியில் எச்சிலோடு ரத்தம் விழுந்ததைப் பின்னால் நின்ற தனலெட்சுமி பார்த்துவிட்டாள். அவரிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. மகளுக்கு ஃபோன் அடித்தாள்.

மகள் லோஷினிக்குச் சிங்கப்பூரில் வேலை. எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூர் பாருவில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். அப்பாவோடு வாதாடவில்லை. காரை வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏறுங்கப்பா" என்றாள். மகள் சொன்னால் அவர் ஏறுவார்.

பட்டணத்துக் கிளினிக்கில் இருந்தவர் டாக்டர் ஷஹீரா. மெர்சிங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். முப்பது வயதுதான் இருக்கும். ஆனால் பேச்சில் ஒரு நிதானம். சதாசிவத்தின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார். ஐந்து நாள் என்றதும் அவருடைய புருவம் ஏறியது. ரத்தம் எடுத்தார்கள். ஒரு பகுதி அணுக்களை எண்ணும் மெஷினுக்குப் போனது. இன்னும் சில துளிகளை, விரல் நீளத்தில் இருந்த ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையில் விட்டு மேசையில் வைத்தார்கள். கர்ப்பம் பார்க்கிற பட்டை மாதிரி இருக்கிறதே என்று தனலெட்சுமி நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அதில் சிவப்புக் கோடுகள் ஏறின.

டாக்டர் அதை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். பிறகு சதாசிவத்திடம் கேட்டார்: "அங்கிள், இதுக்கு முன்னால உங்களுக்கு டிங்கி வந்திருக்கா?"

சதாசிவம் வாயைத் திறப்பதற்குள் தனலெட்சுமி முந்திக்கொண்டாள். "இவருக்குக் காய்ச்சலே வந்ததில்ல டாக்டர். எங்க கல்யாணம் ஆனதுலேருந்து பாக்குறேன்."

சதாசிவம் வாயை மூடிக்கொண்டார்.

"இவரு ரத்தம் வேற மாதிரி சொல்லுது ஆன்ட்டி" என்றார் டாக்டர். பட்டையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "கிருமி உள்ள வந்தா அத எதிர்க்க உடம்பு ஒண்ண உண்டாக்கும், ஆன்டிபாடின்னு சொல்வோம். இந்தக் கோடு ஐஜிஎம். இது தெரிஞ்சா, இப்பத்தான் புதுசா டிங்கி வந்திருக்குன்னு அர்த்தம். அடுத்த கோடு ஐஜிஜி. அது மெதுவா வர்றது. வந்துட்டா வருஷக்கணக்கா ரத்தத்துலயே கெடக்கும். மொதல் தடவ டிங்கின்னா, அஞ்சாவது நாள்ல இந்தக் கோடு இவ்ளோ அழுத்தமா விழாது. இவரு உடம்புக்கு இது ஏற்கெனவே தெரிஞ்ச நோய். அதான் பழைய ஆளுங்க உடனே கெளம்பி வந்துட்டாங்க."

பழைய ஆட்கள் சண்டைக்குக் கிளம்பி வந்தார்கள் என்றால் நல்லதுதானே என்று லோஷினி கேட்டாள். வேறு நோய்க்கு அது சரி, டிங்கிக்கு மட்டும் அப்படியில்லை என்று டாக்டர் விளக்கினார். அதில் நான்கு வகைக் கிருமி உண்டு. ஒரு வகைக்கு உண்டான ஆன்டிபாடி இன்னொரு வகையைத் தடுக்காது. சில பேருக்கு இரண்டாம் முறை வரும்போது நோய் முரட்டுத்தனமாகிவிடும். காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனமாக இருக்க வேண்டும். பிளேட்லெட் என்னும் ரத்தத் தட்டுக்களும் இறங்கியிருந்தன. அதனால் வீட்டுக்கு அனுப்ப முடியாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கடைசியாக, முன்பு எப்போதாவது கண்ணுக்குப் பின்னால் வலி, வெளிச்சம் தாங்காமை, வாந்தி, காய்ச்சல் விட்டதும் உள்ளங்கை உள்ளங்கால் அரிப்பு என்று ஏதாவது வந்ததுண்டா, யோசித்துப் பாருங்கள் என்றார். தனலெட்சுமி இல்லவே இல்லை என்று தலையாட்டினாள். அவள் மனதெல்லாம் அந்த 'முரட்டுத்தனம்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாள் பயத்திலேயே போனது. வேளைக்கு வேளை தாதி வந்து ரத்தம் எடுத்துப் போவார். தட்டுக்கள் இன்னும் இறங்கியிருக்கின்றன என்பார்கள். சதாசிவத்தின் கையில் ஊசி வழியாகச் சொட்டுநீர் ஏறியபடி இருந்தது. கன்னம் ஒட்டிப்போய், மீசை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. லோஷினி வேலையிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி இன்னும் சில நாள் லீவு வாங்கிக்கொண்டாள். அம்மாவும் மகளும் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் தட்டுக்கள் ஏறத் தொடங்கின. சதாசிவமே பசிக்கிறது என்றார். அவ்வளவுதான், வார்டே மாறிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. பக்கத்து வீட்டுக் கருப்பாயி அக்கா பப்பாளி இலையை இடித்துப் பிழிந்து ஒரு போத்தலில் கொண்டுவந்தார். தொழிற்சாலை ஆட்கள் நண்டு சூப் கொண்டுவந்தார்கள். சாயங்காலம் இன்னொரு கூட்டமும் நண்டு சூப்போடு வந்தது. டிங்கிக்கு நண்டு சூப் என்று மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் எப்படித்தான் ஒரே முடிவுக்கு வந்தார்களோ தெரியவில்லை. ஊரில் உள்ள நண்டெல்லாம் உங்கள் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது என்று தாதி செல்லமாகக் கோபித்துக்கொண்டார். கருப்பாயி அக்காவுக்கு அந்த ரத்தப் பரிசோதனைக் கதையைக் கேட்டதிலிருந்து ஒரே ஆச்சரியம். எப்போதோ வந்த நோயை ரத்தம் ஞாபகம் வைத்திருக்கிறது என்றால் இன்னும் என்னென்னவெல்லாம் ஞாபகம் வைத்திருக்குமோ என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

மறுநாள் மதியம் வார்டில் சந்தடி இல்லை. லோஷினி சாப்பிடப் போயிருந்தாள். சதாசிவம் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கரகரவென்று ஒரு சத்தம் கேட்டுத் தனலெட்சுமி நிமிர்ந்தாள். அவர் உள்ளங்கையைக் கட்டிலின் இரும்புக் கம்பியில் வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை முடிந்ததும் மறு கை. கை சிவந்து தடித்திருந்தது. அரிப்புத் தாங்காமல் பல்லைக் கடித்திருந்தார்.

அப்படியே இதற்கு முன்பும் அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். பார்த்த இடமும் நாளும் சட்டென்று நினைவுக்கு வந்தன. தாய்வீடு இருக்கும் சிகாமட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காரில், அவர் இதேபோல ஸ்டீயரிங்கில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார். கோபத்தில் ஸ்டீயரிங்கைப் பிசைகிறார் என்று நினைத்து அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொந்தியான் வந்து சேரும்வரை அவள் திரும்பவே இல்லை.

அது அவளுடைய தம்பி மதிவாணனின் கல்யாணம் முடிந்து வந்த பயணம். பத்து வருடம் ஆகிவிட்டது. அப்பா இல்லாத வீடு. தம்பியின் படிப்பிலிருந்து பெண் பார்ப்பது வரை முன்னால் நின்றவர் சதாசிவம்தான். ஆனால் கல்யாண அழைப்பிதழ் அச்சாகி வந்தபோது, வரவேற்பவர்கள் பெயர்களில் பெரியப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார், தாய்மாமன் இருந்தார். வீட்டு மாப்பிள்ளை சதாசிவத்தின் பெயர் இல்லை. அச்சகத்தில் ஒரு வரி விட்டுப்போய்விட்டது என்றார்கள். அதற்குள் பாதி ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளை என்ன செய்யப்போகிறார் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு கண்ணை அவர்மேல் வைத்திருந்தார்கள்.

கல்யாண வீட்டுக்குப் போன அன்று சாயங்காலமே அவர் பின்னறையில் போய்ப் படுத்துவிட்டார். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு. விளக்கைப் போட்டால் அணைக்கச் சொன்னார். மூன்று நாள் அந்த வீட்டில் கை நனைக்கவில்லை. யார் கூப்பிட்டாலும் "விடுங்க" என்ற ஒரே சொல்தான். மாப்பிள்ளை முறுக்கு என்று பெண்கள் அடுப்படியில் பேசியது தனலெட்சுமியின் காதில் விழுந்தது. முகூர்த்தத்தன்று வேட்டி கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார்; கடைசி வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்; தாலி கட்டும் முன்பே எழுந்துபோய்க் காருக்குள் படுத்துக்கொண்டார். நாத்தனார் முடிச்சைத் தனலெட்சுமி போட்டபோது பக்கத்தில் புருஷன் இல்லை. குடும்பப் படத்திலும் அவர் இல்லை. அந்தப் படம் இன்றைக்கும் சிகாமட் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு பெரிய சண்டை எதுவும் நடந்துவிடவில்லை. விசேஷங்களில் பார்த்தால் "வாங்க" என்பார்கள். "நல்லா இருக்கீங்களா" என்பார்கள். அத்தோடு சரி. சிகாமட்டுக்கு அவள் தனியாகத்தான் பஸ் ஏறிப் போய்வந்தாள். தம்பி பிள்ளைகளுக்குத் தங்கள் அத்தை வீட்டு மாமாவின் குரல் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது.

இவ்வளவும் ஒரு மூச்சில் அவள் மனதில் ஓடியது. ஆனால் அவளை உறுத்தியது வேறு. கல்யாணத்துக்கு முதல் நாள் அவர் அவளிடம் ஒரு தடவை சொன்னார். உடம்பு முடியவில்லை, கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்று. கையில் பூக்கூடையோடு நின்றவள், புறங்கையால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று வியர்த்திருந்தது. "ஒங்க கோவத்தக் கல்யாணம் முடிஞ்சு வச்சுக்குங்க, என் மானத்த வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். தலைமாட்டில் பெனடோல் அட்டை கிடந்ததை அவள் பார்த்தாள். பார்த்தும், மாத்திரையால்தான் சூடு இறங்கியிருக்கும் என்று யோசிக்கவில்லை.

"என்னங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "மதி கல்யாணத்தப்ப ஒங்களுக்கு நெசமாவே காய்ச்சலா?"

அவர் கண்ணைத் திறந்தார். கம்பியில் தேய்ப்பதை நிறுத்தினார்.

"நான் அன்னைக்கே சொன்னேனே, தனம்."

குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. வாசல் கேட்டைப் பூட்டியாகிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

"அப்பறம் ஏன் ஒரு தடவகூட வாயத் தொறக்கல? பத்து வருஷமா?"

"ஒருக்கா சொன்னேன். நீயே நம்பல. நீயே நம்பலன்னா மத்தவங்ககிட்ட என்னன்னு சொல்றது?" உள்ளங்கையை மறுபடி ஒருமுறை கம்பியில் தேய்த்துக்கொண்டார். "கோவமும் இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்தக் கார்டப் பாத்ததும் வயிறு எரிஞ்சுச்சு. ஆனா அதுக்காகப் படுக்கல. எந்திரிக்க முடியல, அவ்ளோதான்."

தனலெட்சுமி தாதியிடம் ஒரு களிம்பு வாங்கிவந்து அவர் உள்ளங்கையில் தடவினாள். விரல் விரலாக, நிறைய நேரம் தடவினாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அழுதுகொண்டே சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அழுவாத. கால்லயும் கொஞ்சம் தடவு, ரொம்ப அரிக்குது" என்றார்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. சாப்பிட்டுவிட்டு வந்த லோஷினி, அம்மா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு சிரிப்பதைப் பார்த்துப் பயந்துபோய்த் தாதியைக் கூப்பிடப் போனாள்.

உடனே தம்பிக்கு ஃபோன் அடித்துச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் தனலெட்சுமி முழுதாகத் தெரியாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் இல்லை. மறுநாள் காலையில் கிளினிக்குக்குப் போனாள். முறை வரும்வரை காத்திருந்து, டாக்டர் ஷஹீராவிடம் கல்யாணக் கதை முழுவதையும் சொன்னாள். வெளியே ஆட்கள் இருந்தும் டாக்டர் அவசரப்படாமல் கேட்டார். தனலெட்சுமிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கோடு, சிகாமட்டில் அந்த மூன்று நாள் வந்ததும் டிங்கிதான் என்று சொல்லுமா?

"சொல்லாது ஆன்ட்டி" என்றார் டாக்டர். "இவருக்கு முன்னால வந்திருக்குன்னு அது காட்டுது. எந்த வருஷம், எந்த ஊர்லன்னு ரத்தத்துல எழுதியிருக்காது. வேற சமயத்துல, தெரியாமகூட வந்து போயிருக்கலாம்."

தனலெட்சுமியின் முகம் வாடியிருக்க வேண்டும். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ஆனா நீங்க சொன்னது, கண் வலி, வெளிச்சம் ஆகாதது, சாப்பிடாதது, அப்பறம் கையில அரிப்பு, இதெல்லாம் இன்னைக்கு யாராச்சும் வந்து எங்கிட்ட சொன்னா, நான் முதல்ல டிங்கிக்குத்தான் ரத்தம் எடுப்பேன். அதுக்கு மேல ஒங்களுக்கு டெஸ்ட் எதுக்கு? அங்கிளே சொல்லிட்டாரே."

கடைசியாகச் சொன்னதைத் தனலெட்சுமி நடந்து வரும்போது திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். ஆமாம், அவரே சொல்லிவிட்டார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கடையோரம் நின்று தம்பிக்கு ஃபோன் அடித்தாள்.

மதிவாணன் டயர் கடை வைத்திருக்கிறான். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. அவள் சொல்லச் சொல்ல அவன் நடந்துபோய் எங்கோ கதவைச் சாத்திக்கொண்டது தெரிந்தது. அவள் முடித்ததும் அவன் எந்த வார்டு என்று மட்டும் கேட்டான்.

அடுத்த நாள் முற்பகல் அவனும் மனைவி ரூபினியும் வந்துவிட்டார்கள். சிகாமட்டிலிருந்து மூன்று மணிநேர ஓட்டம். ரூபினி கையில் துண்டால் சுற்றிய ஒரு தூக்கு இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மதிவாணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். வரும் வழியெல்லாம் என்ன பேசவேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்ததாகப் பிறகு ரூபினி சொன்னாள். சதாசிவத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிருக்க வேண்டும். கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையைப் படிப்பது போல நின்றான். சதாசிவம் எழுந்து உட்காரப் பார்த்தார். அவன் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் தலையணையை நிமிர்த்தி வைத்தான். அந்தப் பிடி விடாமலே பேசினான்.

"மச்சான், அந்தக் கார்டு அச்சகத்துத் தப்பு இல்ல. எழுதிக் குடுத்தது நான்தான். ஒங்க பேர நான்தான் மறந்து விட்டுட்டேன். அச்சாகி வந்தப்பறந்தான் பாத்தேன். ஒங்ககிட்ட வந்து சொல்ல வாய் வரல. நீங்க போய்ப் படுத்ததும், சரி, தப்பு இப்ப அவரு பக்கம் போயிருச்சுன்னு எனக்கு நிம்மதியாக்கூட இருந்துச்சு. அதத்தான் நான் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

தனலெட்சுமிக்கே இது புதுச் செய்தி. ரூபினிக்கும் புதிது என்று அவள் முகம் சொன்னது. சதாசிவம் மச்சினனை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவக்கும். தனலெட்சுமி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவக்கவில்லை.

"ஏன்டா, நீதானா எழுதுன?" என்றார். "நான் பத்து வருஷமா ஒங்க சித்தப்பாவில்ல சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன். பாவம் அந்த மனுஷன், எங்க பாத்தாலும் மொறச்சு மொறச்சு வச்சேன்."

முதலில் ரூபினிதான் சிரித்தாள். அப்புறம் லோஷினி. மதிவாணன் சிரித்துக்கொண்டே சட்டைக் கையில் கண்ணைத் துடைத்தான். அடுத்த கட்டிலில் இருந்த மலாய்க்காரப் பெரியவர், என்ன ஏது என்று புரியாமலே தானும் சிரித்தார். ரூபினி சூப்பை ஊற்றிக் கொடுத்தாள். ஏற்கெனவே இரண்டு நாளாக நண்டைக் கண்டாலே முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த மனிதர், அதை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, மிளகு கொஞ்சம் தூக்கல் என்றார். அடுத்த முறை குறைத்துப் போடுகிறேன் அண்ணே என்று ரூபினி சொன்னாள்.

அவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகு இன்னொரு தடவை ரத்தம் பார்க்க டாக்டர் ஷஹீராவிடம் போனார்கள். தட்டுக்கள் பழைய நிலைக்கு வந்துவிட்டன. மூன்றாவது தடவையும் இது வருமா என்று சதாசிவம் கேட்டார். நான்கு வகையில் இரண்டு வகை முடிந்தது, இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது, கொசுவிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று டாக்டர் சொன்னார். இது சதாசிவத்தின் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அரைக்கால் சட்டையோடு தாமான் முழுக்கச் சுற்றி, யார் வீட்டுப் பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நின்றாலும் கவிழ்த்துவிட்டு வந்தார். கருப்பாயி அக்காவின் துளசித் தொட்டியையும் விட்டுவைக்கவில்லை. அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சதாசிவமே போய்ப் புதுத் தட்டில் மணல் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் கூடிப்போனதை லோஷினி ஒவ்வொரு வாரமும் கிண்டல் செய்தாள்.

ஜூலை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதிவாணன் அவருக்கே ஃபோன் அடித்தான். சிகாமட்டில் டுரியான் பழம் விழ ஆரம்பித்துவிட்டது, நாளைக்கே கிளம்பி வாருங்கள், தாமதித்தால் நல்லதெல்லாம் சிங்கப்பூர்க்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றான். சதாசிவம் பின்வாசலில் நின்று அரைமணி நேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று தனலெட்சுமி கேட்கவில்லை. டயரைப் பற்றியும் டுரியானைப் பற்றியும் ஆண்கள் பேசக்கூடியதெல்லாம் பேசியிருப்பார்கள்.

மறுநாள் எல்லோரும் போனார்கள். சாலையோரம் தகரக் கூரை போட்ட ஒரு கடை. பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். கடைக்காரச் சீனர் ஒவ்வொரு பழமாக எடுத்து, முகர்ந்து, தட்டி, பிளந்து வைத்தார். மதிவாணனுக்கு இனிப்பு வேண்டும். சதாசிவத்துக்குக் கசப்புத்தான் டுரியான். இனிக்கிறதை எல்லாம் பிள்ளைகளுக்குக் கொடு என்றார். இருவரும் மாறி மாறிக் கடைக்காரரைச் சாட்சிக்கு இழுத்தார்கள். அவர் இரண்டு பேருக்கும் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பழத்தைப் பிளந்தார். மதிவாணனின் சின்ன மகள் எப்போதோ நாற்காலியை நகர்த்தி நகர்த்தி சதாசிவத்தின் பக்கம் வந்துவிட்டாள். அவர் கொடுத்த கசப்புச் சுளையை வாயில் போட்டு, முகத்தைக் கோணி, ஆனாலும் துப்பாமல் விழுங்கினாள்.

நான்கு மணிக்குக் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரலாம் என்று சதாசிவம் ஆரம்பித்தார். இன்றைக்கு இங்கேதான் தங்கவேண்டும், ரூபினி அரிசி போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று மதிவாணன் சொன்னான். மாற்றுச் சட்டை கொண்டுவரவில்லை என்றார் இவர். என் சட்டை இருக்கிறது என்றான் அவன். உன் சட்டைக்குள் என்னைப் போல இரண்டு பேர் போகலாம் என்றார் இவர்.

தனலெட்சுமி யார் பக்கமும் சேரவில்லை. கடைக்காரர் புதிதாகப் பிளந்து வைத்த பழத்தை ரூபினி அவள் பக்கம் தள்ளினாள். மஞ்சளாக, தடித்த சுளை. பெண்கள் இரண்டு பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.